முப்பத்தொன்றரை அடி

இருபத்திரண்டு வருடம் நான் ஒரு மேசையை முன்னால் தள்ளியும் பின்னால் இழுத்தும் சம்பளம் வாங்கினேன். இதைச் சொன்னால் என் மனைவிக்குக் கோபம் வரும். "டெக்னீஷியன்னு சொல்லுங்களேன்" என்பாள். சரி, டெக்னீஷியன். டெக்னீஷியன் தள்ளினாலும் மேசை மேசைதான்.

போன மாதம் கோவில்பதாகையில் எங்கள் நகர் நலச் சங்கத்தில் ஒரு புரொஜக்டர் வாங்கினார்கள். செயலாளர் ரமேஷுக்குக் கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை, என் மகள் வயது. "அங்கிள், உங்களுக்குத்தான் இதெல்லாம் அத்துப்படியாச்சே, எங்க வைக்கறதுன்னு சொல்லுங்க" என்று மரியாதையாகத்தான் கூப்பிட்டார். நானும் பரணில் இருந்த டேப்பைத் தூசி தட்டி எடுத்துக்கொண்டு போனேன். நான் குனிந்து சுவரோரம் டேப்பை வைப்பதற்குள் அவர் அந்தப் பெட்டியைச் சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி வைத்து ஒரு பொத்தானை அமுக்கினார். சுவர் முழுக்கப் படம் வந்துவிட்டது, எட்டடி அகலத்துக்கு. நான் குனிந்தது குனிந்தபடியே இருந்தேன். பாதி முதுகுவலி, பாதி அவமானம்.

"இதுக்கு டிஸ்டன்ஸே வேணாம் அங்கிள். அப்போ ஃபேக்டரில இருபது வருஷமா என்னதான் பண்ணீங்க?"

சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். வீட்டுக்கு வந்த பிறகுதான் பதில் தோன்றியது. அதைத்தான் எழுதுகிறேன்.

அம்பத்தூர் எஸ்டேட்டில் தகடு அடித்து உதிரிபாகம் செய்யும் தொழிற்சாலை எங்களுடையது. பெயர் வேண்டாம். அதை இழுத்து மூடி வெகுகாலம் ஆகிவிட்டது. ஆனாலும் பழைய அதிகாரிகள் சிலர் இன்னும் ஆவடிப் பக்கம் காலையில் நடைப்பயிற்சி போகிறார்கள், எதிரே வந்தால் வணக்கம் வைக்க வேண்டும். நான் ஐ.டி.ஐ. முடித்த எலக்ட்ரீஷியன். ஒருநாள் டிரெயினிங் செக்ஷனில் டியூப்லைட் மாற்றப் போனேன். புது டியூபை மாட்டுவதற்கு முன்னால் வேட்டித் துணியால் ஒருமுறை துடைத்தேன். அதை டிரெயினிங் ஆபீசர் வேதாசலம் பார்த்துவிட்டார். டியூபைத் துடைக்கிறவன் லென்ஸையும் துடைப்பான் என்று முடிவு செய்து, மறுவாரமே என்னைத் தன் செக்ஷனுக்கு மாற்றச் சொல்லி எழுதிவிட்டார். இந்த நாட்டில் ஒரு மனிதனின் தலையெழுத்து எழுதப்படுவது பெரும்பாலும் இப்படித்தான். பயிற்சி இரண்டு நாள். புரொஜக்டர் விற்ற கம்பெனியிலிருந்து வந்தவர் முதல் நாள் புத்தகத்தைப் படித்துக் காட்டினார். இரண்டாம் நாள் பிலிமை எரித்துக் காட்டினார்.

அது பதினாறு எம்.எம். புரொஜக்டர். இப்போதையது மாதிரி படத்தைப் பெரிதாக்கவோ சுருக்கவோ அதில் எந்தப் பொத்தானும் கிடையாது. லென்ஸ் ஒன்றுதான். படம் பெரிதாக வேண்டுமா, மேசையைப் பின்னால் இழு. சிறிதாக வேண்டுமா, முன்னால் தள்ளு. பிலிமில் படத்தின் அகலம் ஒரு சென்டிமீட்டருக்குக் கொஞ்சம் குறைவு, எங்கள் லென்ஸோ இரண்டு அங்குலம். இதை அதால் வகுத்தால் ஐந்தேகால் வரும். அதாவது திரை எவ்வளவு அகலமோ அதைப் போல ஐந்தேகால் மடங்கு தூரத்தில் லென்ஸ் நிற்க வேண்டும். எங்கள் திரை ஆறடி. ஆகவே முப்பத்தொன்றரை அடி. இவ்வளவுதான் கணக்கு. பள்ளிக்கூடப் பிள்ளை போட்டுவிடும். ஆனால் வேதாசலத்திடம் வேலை பார்த்தவனுக்குத்தான் இதற்குள் எத்தனை நுணுக்கம் என்று தெரியும்.

மேசை விளிம்பிலிருந்து அளக்கக் கூடாது, லென்ஸின் மூக்கிலிருந்து அளக்க வேண்டும். சுவர் வரைக்கும் போகக் கூடாது, திரைத்துணி வரைக்கும்தான். டேப் தொய்யக் கூடாது. தொய்ந்தால் "அது டேப்பா, கொடிக்கயிறா?" என்று கேட்பார். முதலில் பிலிம் இல்லாமல் வெறும் வெளிச்சத்தைப் போட வேண்டும். திரையைச் சுற்றி முக்காலடி அகலத்துக்குக் கருப்புத் துணிக் கரை தைத்திருக்கும். வெளிச்சத்தின் ஓரம் அந்தக் கருப்பில் நூலளவு விழ வேண்டும், அப்போதுதான் படத்தின் விளிம்பு கத்தியால் நறுக்கியது போல இருக்கும். நூலளவுதான். "அதுக்கு மேல போனா படத்தைத் திருடற மாதிரி" என்பார். அந்த வார்த்தையை நான் பிற்பாடு பலமுறை நினைத்துக்கொண்டேன்.

டேப்பால் அளந்து முடித்த பிறகு அவர் தன் ஷூவால் ஒருமுறை அளப்பார். குதிகாலும் நுனியும் தொட்டுத் தொட்டு, சாமிக்கு வேண்டிக்கொண்டு அடிப்பிரதட்சணம் செய்கிறவர் மாதிரி கேன்டீனின் நடுவே போவார். அவருடைய ஷூ பதினொரு அங்குலம். அதை அடிக்கு மாற்றும் கணக்கை மனசுக்குள் போட்டு, டேப்போடு ஒத்துப்போனால்தான் தலையாட்டுவார்.

ஆளைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். ஒல்லி. முழுக்கைச் சட்டை, மணிக்கட்டுப் பொத்தான் வரை போட்டிருப்பார். யோசிக்கும்போது ஸ்கூட்டர் சாவியால் காது குடைவார். தன்னைவிடப் பெரிய அதிகாரி யாரைக் கண்டாலும் பயம். வொர்க்ஸ் மேனேஜரின் கார் ஹாரன் கேட்டாலே நாற்காலியை விட்டு எழுந்து நிற்பார், கார் கேட்டைத் தாண்டி வெளியே போனாலும் சரிதான். ஆனால் அளவு விஷயத்தில் மட்டும் அந்தப் பயம் எங்கே போகுமோ தெரியாது. ஒரு பாதுகாப்பு வாரத்தில் ஜெனரல் மேனேஜருக்காகக் கேன்டீனில் சோபா போட்டிருந்தார்கள். போட்ட இடம் சரியாக முப்பத்தொன்றரை அடி. பெரிய மனிதர்களுக்கு சோபா போடும் இடமும் புரொஜக்டர் நிற்க வேண்டிய இடமும் எப்போதும் ஒன்றாகவே அமைவதன் மர்மம் எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. நான் மேசையைச் சத்தமில்லாமல் முன்னால் போட்டுக்கொண்டேன். வேதாசலம் அதைப் பார்த்தார். நேரே போய், மாலையோடு உட்கார்ந்திருந்த ஜி.எம்.மிடம் குனிந்து, இது லென்ஸின் இடம், கொஞ்சம் எழுந்திருக்க முடியுமா என்று ரகசியம் போலக் கேட்டார். ஜி.எம். எழுந்துவிட்டார். முந்நூறு தொழிலாளிகள் அதைப் பார்த்தார்கள். அதன் பிறகு ஒருவாரம் வேதாசலத்துக்குக் காய்ச்சல்.

எண்பதுகளின் தொடக்கத்தில் எங்களுக்கென்றே ஒரு பாதுகாப்புப் படம் எடுத்தார்கள். அதுவரை காட்டிக்கொண்டிருந்த படத்தில் வெள்ளைக்காரர்கள் வருவார்கள். அவர்கள் கை போனால் நம் ஆட்களுக்கு உறைக்கவில்லை என்று மேலிடத்தில் யாரோ கண்டுபிடித்தார்கள். கோடம்பாக்கத்திலிருந்து விளம்பரப் படம் எடுக்கும் ஒருவர் கேமராவோடு வந்தார். ஏழாம் நம்பர் பிரஸ்ஸில் படப்பிடிப்பு. பிரஸ் என்பது மேலிருந்து ஓர் இரும்பு அச்சு இறங்கித் தகட்டை வெட்டும் இயந்திரம். தகட்டுக்கும் விரலுக்கும் அதற்கு வித்தியாசம் தெரியாது. அதனால் அதன் வாய்க்கு முன்னால் கை போகாதபடி ஒரு கம்பிவலைக் கூண்டு மாட்டியிருக்கும். நாலு போல்ட்டில் நிற்கும்.

கேமராக்காரர் கண்ணை வைத்துப் பார்த்துவிட்டு, கூண்டு மறைக்கிறது, அச்சு தெரியவில்லை, அதைக் கழற்றினால் நன்றாக வரும் என்றார். வொர்க்ஸ் மேனேஜர் தலையாட்டினார். வேதாசலம் வெளிச்சம் பிடிக்கும் தெர்மக்கோல் தட்டியோடு பக்கத்தில் நின்றிருந்தார். ஸ்பேனரை எடுத்து நாலு போல்ட்டையும் கழற்றியவன் நான். பாதுகாப்புப் படம் எடுப்பதற்காகப் பாதுகாப்பைக் கழற்றுகிறோம் என்று அங்கே இருந்த ஒருவருக்கும் தோன்றவில்லை. படம் நன்றாக வர வேண்டும் என்பதிலேயே எல்லோருக்கும் கவனம். கூண்டைத் தூணில் சாய்த்துவிட்டு, போல்ட்டுகள் உருண்டு போகாமல் இருக்க மூன்றைச் சட்டைப் பையில் போட்டு, ஒன்றைப் பல்லில் கடித்துக்கொண்டு அங்கேயே குத்துக்காலிட்டு உட்கார்ந்து வேடிக்கை பார்த்தேன்.

படப்பிடிப்பு முடிந்ததும் மாட்டப் போனேன். வொர்க்ஸ் மேனேஜர், காலையிலிருந்து மெஷின் சும்மா நிற்கிறது, முதலில் ஓட்டுங்கள், ஷிப்ட் முடிந்து மாட்டிக்கொள்ளலாம் என்றார். ஷிப்ட் முடிந்தபோது அடுத்த ஷிப்ட் வந்துவிட்டது. கூண்டு இல்லாமல் வேலையும் வேகமாக நடந்தது. நாளைக்கு, திங்கட்கிழமைக்கு, அடுத்த மெயின்டனன்ஸுக்கு என்று போய், கூண்டு ஸ்டோருக்குப் பின்னால் சென்றது. நாலு போல்ட்டும் ஒரு டீத்தூள் டப்பாவில் என் மேசை டிராயருக்கு வந்தன. அவை அங்கே ஆறு வருடம் இருந்தன.

படம் கழுவி வந்ததும், கேன்டீனில் மத்தியானச் சாப்பாட்டுக்கு அப்புறம் தனியாகப் போட்டுப் பார்த்தேன். பாதியில் ஒரு கணீர்க்குரல் வரும்: "கூண்டு உங்கள் கைகளின் காவலன்." அந்த நேரம் திரையில் அச்சு பெரிதாக ஏறி இறங்குகிறது. திரையின் இடது ஓரத்தில் பார்த்தால் தூண், தூணில் சாய்ந்த கூண்டு, அதன் அடியில் கட்டம் போட்ட சட்டையும் கையில் ஸ்பேனருமாக, வாயில் போல்ட்டைக் கடித்தபடி நான். பதினைந்து வினாடி. என் வாழ்க்கையில் நான் திரையில் வந்தது அவ்வளவு நேரம்தான். புரொஜக்டரை அணைத்துவிட்டு, கேன்டீனில் வேறு யாராவது இருக்கிறார்களா என்று பார்த்தேன்.

அப்போது என் வேலை நிரந்தரமாகவில்லை, மனைவி வேறு உண்டாகியிருந்தாள். போய்ச் சொல்லியிருக்கலாம். பதினைந்து வினாடியை வெட்டி ஒட்டுவதும் பெரிய காரியமில்லை. சொன்னால் கூண்டு எங்கே என்ற கேள்வி வரும். ஆகவே எனக்குத் தெரிந்த வேலையைச் செய்தேன். மேசையை இரண்டரை அடி பின்னால் இழுத்தேன். படம் அரையடி பெரிதாயிற்று. புரொஜக்டரின் மூக்கைக் கொஞ்சம் இடப்பக்கம் திருப்பினேன். கூடுதலான அந்த அரையடி முழுக்க இடது கருப்புக் கரையில் விழுந்தது. தூணும் கூண்டும் நானும் கருப்புக்குள் போய்விட்டோம். மற்றதெல்லாம் திரையில் அழகாக நின்றது.

நான் வியர்வையைத் துடைப்பதற்குள் வேதாசலம் வந்துவிட்டார். வழக்கம்போல ஷூவால் அளந்தார். திரும்பி வந்து மறுபடி அளந்தார்.

"முப்பத்திநாலு வருதே, அந்தோணி?"

லென்ஸ் பழசாகிவிட்டது சார், முந்தி மாதிரி இல்லை என்றேன். கண்ணாடி பழசானால் தூரம் மாறும் என்று இந்த உலகத்தில் யாரும் சொன்னதில்லை. அவர் படத்தை முதலிலிருந்து போடச் சொல்லி, நின்றபடியே முழுதும் பார்த்தார். சாவியை எடுத்துக் காதைக் குடைந்தார். "சரி. பெயின்ட்ல ஒரு குறி போட்டுடு, தினமும் அளக்க வேணாம்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். மனிதர் ஏமாந்துவிட்டார் என்று நான் பெருமூச்சு விட்டேன்.

கேன்டீன் தரையில் முப்பத்திநாலாவது அடியில் மஞ்சள் பெயின்ட்டில் ஒரு பெருக்கல் குறி போட்டேன். தொழிலாளிகள் அதற்கு வேதாசலம் சமாதி என்று பெயர் வைத்தார்கள். ஆயுதபூஜை அன்று பிரஸ்ஸுக்கும் லேத்துக்கும் பொட்டு வைத்துக்கொண்டே வந்து அந்தக் குறிக்கும் பொட்டு வைத்து, மேலே ஒரு பூசணிக்காயை உடைப்பார்கள். முதல் வருடம் கிண்டலாகத்தான் செய்தார்கள். மூன்றாம் வருடம் யாராவது தெரியாமல் அதை மிதித்துவிட்டால் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்கள். பொய்க்கு இவ்வளவு மரியாதை கிடைத்ததை நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

காதர் எங்களிடம் வந்தது அதற்குப் பிறகு. பூந்தமல்லிக்காரன், என்னைவிட நாலைந்து வயது சிறியவன். ஏழாம் நம்பர் பிரஸ்தான் அவனுக்கு. மாதாமாதம் நான் படம் போடும்போது முதல் வரிசையில் உட்காருவான். படம் முழுக்க மனப்பாடம். கணீர்க்குரல் வருவதற்கு அரை வினாடி முன்னால் இவன் "கூண்டு உங்கள் கைகளின் காவலன்" என்று எழுந்து நின்று சொல்வான், கேன்டீனே சிரிக்கும். படம் முடிந்ததும் ரிஜிஸ்தரில் கையெழுத்துப் போட வேண்டும். அதில் அவன் பெயரை மட்டும் தனியாகப் பெரிதாகப் போடுவான்.

ஒரு மத்தியானம் அந்தப் பிரஸ், பெடலை ஒரு முறை மிதித்ததற்கு இரண்டு முறை இறங்கியது. காதரின் வலது கையில் கடைசி இரண்டு விரல்கள் போயின. நான் கேன்டீனில் கேபிள் சுற்றிக்கொண்டிருந்தேன். சத்தம் கேட்டு ஓடியபோது அவனைத் தூக்கிக்கொண்டு போயிருந்தார்கள். ஏழாம் நம்பரின் வாயைப் பார்த்தேன். கூண்டு இருக்க வேண்டிய இடத்தில் நாலு ஓட்டைகள் மட்டும் இருந்தன. விரல்களை வெட்டியது நான்தான் என்று தோன்றியது. தோன்றியது என்ன, அதுதான் உண்மை.

பத்து நாளில் அவனுக்கு சார்ஜ் ஷீட் வந்தது. வேகமாக அடிப்பதற்காகக் கூண்டை அவனே கழற்றிவிட்டான் என்று அதில் எழுதியிருந்தது. நிரூபணமானால் வேலை போய்விடும். வொர்க்ஸ் மேனேஜருக்குப் பழையது மறந்துவிட்டதா, மறக்க வேண்டியிருந்ததா என்று தெரியாது. பூந்தமல்லியில் அவன் வீட்டுக்கு ஆரஞ்சுப் பழத்தோடு போனேன். அவன் மனைவி டீ கொடுத்தாள். அவன் கட்டுப் போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு, "நான் வந்த நாள்லேர்ந்து அந்த மெஷின்ல கூண்டையே பாக்கல அண்ணாத்தே. இல்லாதத எப்டி கயட்டுவேன்?" என்றான். நான் டீயைக் குடித்தேன். நன்றாக இருந்தது என்று அவன் மனைவியிடம் சொன்னேன். இந்த இடத்தில் என்னைப் பற்றி நல்லதாக எழுத வழியே இல்லை, முயன்று பார்த்தேன்.

என்கொயரிக்கு வெளியிலிருந்து ஒரு வயதான வக்கீலை விசாரணை அதிகாரியாகப் போட்டிருந்தார்கள். சோடாபுட்டிக் கண்ணாடி போட்ட நிதானமான மனிதர். மேனேஜ்மென்ட் தரப்பில் ஒரு யோசனை செய்தார்கள். காதருக்குக் கூண்டின் முக்கியத்துவம் தெரியும், எத்தனையோ முறை படம் பார்த்திருக்கிறான், கையெழுத்தும் போட்டிருக்கிறான், ஆகவே அந்தப் படத்தையே என்கொயரியில் போட்டுக் காட்டிவிடலாம் என்று. யோசனை வொர்க்ஸ் மேனேஜருடையதுதான். பாதுகாப்பு வாரத்தில் குத்துவிளக்கு ஏற்றியதும் கிளம்பிவிடுகிற மனிதர் அவர். படத்தை ஒரு தடவையாவது கடைசி வரை உட்கார்ந்து பார்த்திருந்தால் இந்த யோசனை வந்திருக்காது.

காலை பத்து மணிக்கு மாடியில் கான்பரன்ஸ் அறை. ஜன்னலுக்கெல்லாம் காடாத் துணி அடித்து இருட்டாக்கினேன். சுவரோரம் ஆறடித் திரை. அறை நீளம் போதவில்லை. நடுவே நகர்த்த முடியாத தேக்கு மேசை. எவ்வளவு பின்னால் போனாலும் லென்ஸுக்கு இருபத்தோரு அடிதான் கிடைத்தது, படம் நாலடி வந்தது. வெறும் வெளிச்சத்தைப் போட்டுக் காட்டினேன். வக்கீல் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, தபால்தலை மாதிரி இருக்கிறது, தனக்கு ஒன்றும் தெரியாது என்றார். வொர்க்ஸ் மேனேஜர், இது போதும், ஆரம்பிக்கலாம் என்றார்.

வேதாசலம் எழுந்தார். வொர்க்ஸ் மேனேஜர் உட்கார்ந்திருக்கும்போது அவர் எழுந்து பேசி நான் பார்த்தது சோபாவுக்குப் பிறகு அன்றுதான். "சார், திரை ஆறடி. படம் திரையை நிறைக்கணும். அதுதான் முறை" என்று மெதுவாகச் சொன்னார். பிறகு அறையின் பின்பக்கம் போய் ஒரு கதவைத் திறந்தார்.

அது பெரிய அதிகாரிகளுக்கான பாத்ரூம்.

திரைக்கு நேர் எதிரே கதவு. உள்ளே நடுவில் வெஸ்டர்ன் டாய்லெட், அதற்குப் பின்னால் சுவரோரம் வாஷ்பேசின் பதித்த அகலமான கடப்பாக்கல் மேடை. "உள்ள வெச்சுப் போடு அந்தோணி. அளந்து வை" என்றார். அறையில் யாருக்கும் சிரிக்க தைரியம் இல்லை. காதர் மட்டும் இருந்த இடத்திலிருந்து, "இன்னா அண்ணாத்தே, கடைசில என் படத்த கக்கூஸுக்கு அனுப்ச்சிட்டியா" என்றான்.

டேப்பின் ஒரு முனையைத் திரையோரம் பிடிக்க ஆள் வேண்டும். சுற்றிப் பார்த்தேன். ஆபீசர்கள் கைகட்டி உட்கார்ந்திருந்தார்கள். காதர் எழுந்து வந்து இடது கையை நீட்டினான்.

"குடு. இந்தக் கை சும்மாதானே கீது."

அவன் முனையைத் திரைத்துணியோடு அழுத்திப் பிடித்துக்கொண்டான். நான் டேப்பை இழுத்தபடி தேக்கு மேசையைச் சுற்றி, கதவைத் தாண்டி, பாத்ரூமுக்குள் போனேன். டாய்லெட்டுக்கு நேராக வந்ததும் டேப்பைப் பார்த்தேன். முப்பத்தொன்றரை. இன்னும் போய்க் கடப்பாக்கல் மேடைக்கு நேரே பார்த்தேன். முப்பத்திநாலு. கட்டிடத்தைக் கட்டிய கொத்தனார் என்னை மனதில் வைத்தே கட்டியிருந்தார்.

மேடையில் வைத்தால் கேன்டீனில் வந்த மாதிரியே வரும். மூக்கை லேசாக இடப்பக்கம் திருப்பினால் போதும், தூணும் கூண்டும் நானும் கருப்புக் கரையில். கல்மேடையில் புரொஜக்டர் ஆடாமல் நிற்கும், டாய்லெட்டின் மேல் யார்தான் வைப்பார்கள் என்று காரணம்கூடச் சொல்லலாம். அப்போது எனக்கு ஒரு மகள் இருந்தாள், வேலை நிரந்தரமாகியிருந்தது. எல்லாவற்றையும் நினைத்தேன். டேப் தொய்ந்துவிட்டது போலிருக்கிறது, மறுமுனையில் காதர் ஒரு வெட்டு வெட்டி இழுத்து இறுக்கிப் பிடித்தான். அவனுக்கு அளவு பற்றி ஒன்றும் தெரியாது. தொய்யக் கூடாது என்பது மட்டும் தெரியும், குறி இருந்தும் பாதுகாப்பு வாரத்தில் வேதாசலம் டேப்பைப் போடச் சொல்லிக் கத்துவதை முதல் வரிசையில் உட்கார்ந்து கேட்டிருக்கிறான். என் கையில் அந்த இழுப்பு வந்து நின்றது.

"எவ்வளவு வருது?" என்று வேதாசலம் வெளியிலிருந்து கேட்டார்.

"முப்பத்தொண்ணரை சார்" என்றேன்.

டாய்லெட்டின் மேல் ஒரு பலகையைப் போட்டு அதன்மேல் புரொஜக்டரை ஏற்றினேன். பதினைந்தாவது நிமிடம் வொர்க்ஸ் மேனேஜர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு ஒருமுறை திரும்பிப் பார்த்தார். ஒன்றும் செய்வதற்கில்லை, இருந்த ஒரே இடத்தில் சினிமா ஓடிக்கொண்டிருந்தது.

படம் திரை நிறைய, முழு இருட்டில், விளிம்பு வரை பளிச்சென்று விழுந்தது. கேன்டீன் வெளிச்சத்தில் பார்த்த படமா அது என்று எனக்கே தோன்றியது. கணீர்க்குரல் வந்தது. காதர் இந்த முறை கூடச் சேர்ந்து சொல்லவில்லை. இடது ஓரத்தில் தூண், கூண்டு, கட்டம் போட்ட சட்டை. வக்கீல் கையை உயர்த்தி நிறுத்தச் சொன்னார். கொஞ்சம் பின்னால் ஓட்டி மறுபடி போட்டேன். அவர் எழுந்து திரைக்குப் பக்கத்தில் போய், அந்தக் கூண்டை விரலால் தொட்டு, இது எந்த மெஷினுடையது என்று கேட்டார். இந்தப் படம் காதர் வேலைக்குச் சேர்வதற்கு முன்னால் எடுத்ததா என்றும் கேட்டார். ஆபீசர்கள் பைலைப் புரட்டினார்கள். கடைசியில் விரல் என் சட்டைக்கு வந்தது.

"ஸ்பேனரோட உக்காந்திருக்கறது யாரு?"

பாத்ரூமுக்குள்ளிருந்து நான் சொன்னேன், "நான்தான் சார்." ஒன்பது தலைகள் திரும்பி டாய்லெட்டைப் பார்த்தன. என் வாக்குமூலத்தை நான் அங்கே நின்றபடிதான் கொடுத்தேன். கூண்டைக் கழற்றச் சொன்னது யார், மாட்ட வேண்டாம் என்றது யார், மாட்டாமல் விட்டது யார், போல்ட்டுகள் எங்கே இருக்கின்றன என்று எல்லாவற்றையும் சொன்னேன். வொர்க்ஸ் மேனேஜர் இது சம்பந்தமில்லாதது என்றார். வக்கீல் எழுதிக்கொண்டே இருந்தார்.

காதரின் மேல் போட்ட சார்ஜ் விழுந்தது. அவனை ஸ்டோரில் உட்கார்ந்து பார்க்கும் வேலைக்கு மாற்றினார்கள். எனக்கு மெமோ, ஒரு மாத சஸ்பென்ஷன். வொர்க்ஸ் மேனேஜர் வேறு ஊருக்குப் போனார், பதவி உயர்வில்தான். சஸ்பென்ஷன் முடிந்து நான் திரும்பி வந்த முதல் நாள் டீத்தூள் டப்பாவை எடுத்துக்கொண்டு போய், ஸ்டோருக்குப் பின்னாலிருந்து கூண்டைத் தூக்கி வந்து துருவைச் சுரண்டி, ஏழாம் நம்பரில் மாட்டினேன். பத்து நிமிட வேலை. பத்து நிமிடம்தான்.

அதற்குள் வேதாசலம் வந்து நின்றிருந்தார். கேன்டீனில் குறியை மாற்றிப் போடச் சொன்னார். மன்னிப்புக் கேட்கிற மாதிரி, உங்களை அன்று ஏமாற்றிவிட்டேன் சார், லென்ஸ் பழசு என்று சொன்னேனே என்றேன். அவர் சாவியைக் காதிலிருந்து எடுத்தார்.

"என்னை ஏமாத்தலை. தெர்மக்கோல் புடிச்சிக்கிட்டு நின்னது யாரு? அந்த ரெண்டரை அடில நானும்தான் ஒளிஞ்சிருந்தேன்."

அவ்வளவுதான் பேசினார். பிறகு குதிகாலும் நுனியும் தொட்டுத் தொட்டு அளந்தபடி கேன்டீனுக்குள் போனார். நான் பெயின்ட் டப்பாவோடு பின்னால் போனேன்.

தொண்ணூறுகளில் வீடியோ புரொஜக்டர் வந்தது. மூன்று கண் உள்ள பெரிய பிசாசு, அதைச் சரியாக நிறுத்த அரைநாள் பிடிக்கும். அதற்கும் அளந்தேன். வேதாசலம் ரிட்டையர் ஆனார், நானும் ஆனேன். ஆனால் முதலில் போட்ட மஞ்சள் குறி கடைசி வரைக்கும் போகவில்லை. மண்ணெண்ணெய் ஊற்றித் தேய்த்தோம், உப்புத்தாள் போட்டோம், நல்ல பெயின்ட். கேன்டீன் தரையில் இரண்டரை அடி இடைவெளியில் இரண்டு குறிகள் இருந்தன. ஆயுதபூஜையில் இரண்டுக்கும் பொட்டு வைத்தார்கள்.

புதிதாக வேலைக்கு வருகிறவர்கள் டீ குடிக்கும்போது எதற்கு இரண்டு என்று கேட்பார்கள். காதர் டீ கிளாஸை இடது கைக்கு மாற்றிக்கொண்டு, மூன்று விரல் கையால் ஒவ்வொன்றாகக் காட்டுவான். நான் பக்கத்தில் இருந்தால் இன்னும் சத்தமாகச் சொல்வான்.

"முன்னால கீதே, அது படத்துக்கு. பின்னால கீறது அந்தோணி அண்ணாத்தைக்கு."